டிஜிட்டல் இம்ப்ளான்ட்: முதல் ஸ்கேனிலிருந்து கடைசித் திருகு வரை

கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட் (எலும்புக்குள் வைக்கும் செயற்கை வேர்) பொருத்தி, அதன்மேல் பல் வைத்து முடிக்க எனக்கு 11 மாதம் ஆயிற்று. 7 மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. கூடுதலாகப் போன 4 மாதத்துக்கு எலும்பும் காரணமில்லை, ஈறும் காரணமில்லை. ஸ்கேன் கோப்பைக் கேட்டு வாங்காமல் வந்ததில் 2 மாதம், நடுவில் பக்கத்துப் பல்லை அடைத்துக்கொண்டதில் ஒரு மாதம், மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி விடுபட்டிருந்ததைக் கவனிக்காததில் இன்னொரு மாதம். மூன்றையும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் தவிர்த்திருப்பேன். உங்களுக்கு அந்த 4 மாதம் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ‘டிஜிட்டல் இம்ப்ளான்ட்’ என்று தனி வகை ஒன்று கிடையாது. எலும்புக்குள் போகும் திருகு எல்லோருக்கும் ஒன்றுதான், பெரும்பாலும் டைட்டானியம். டிஜிட்டல் என்பது அதைச் சுற்றியுள்ள வேலைகள்: தாடையை முப்பரிமாணத்தில் படமெடுப்பது, பற்களை ஸ்கேன் செய்வது, திருகு எங்கே எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று கணினியில் திட்டமிடுவது, அந்தத் திட்டப்படி துளையிட ஒரு வழிகாட்டி அச்சு தயாரிப்பது, கடைசியில் பல்லை இயந்திரத்தில் கடைந்தெடுப்பது. இந்த ஐந்தையும் செய்யும் இடமும் உண்டு; ஒன்றை மட்டும் செய்துவிட்டு அதே பெயரைச் சொல்லும் இடமும் உண்டு. ‘இவற்றில் எதையெல்லாம் எனக்குச் செய்யப்போகிறீர்கள்?’ என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இந்தத் தொழில்நுட்பம் குறைப்பது துளையிடுவதில் வரும் பிழையை; வாய்க்கு வெளியே நடக்கும் வேலைகளின் நேரத்தை. எலும்பு திருகைப் பற்றிக்கொள்ள எடுக்கும் காலத்தை எந்தக் கணினியும் குறைக்காது. ‘எல்லாம் கணினி முறை, அதனால் சீக்கிரம் முடிந்துவிடும்’ என்று யாராவது சொன்னால், எந்தப் பகுதி சீக்கிரம் முடியும் என்று கேளுங்கள்.

1. முதல் நாள் எடுத்துப்போக வேண்டியவை

நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். எலும்புத் தேய்மானத்துக்காக வாரம் ஒரு மாத்திரையோ வருடத்துக்கு ஒரு ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் அதைப் பல் மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஆனால் அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பு ஆறுவதை நேரடியாகப் பாதிக்கக்கூடியவை. மறைக்காமல், மறக்காமல் சொல்லுங்கள். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. அதைக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிச் செல்லுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் சமீபத்திய எச்பிஏ1சி முடிவு தேவை. அன்று காலை எடுத்த சர்க்கரை அளவு போதாது. கடந்த 3 மாதக் கட்டுப்பாட்டைக் காட்டும் எண்தான் மருத்துவருக்கு வேண்டும். புகைப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ எக்ஸ்ரே எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பழைய எக்ஸ்ரேக்களோடு பல் எடுத்த தேதியையும் குறித்துக்கொண்டு போங்கள். பல் போன இடத்தில் எலும்பு சுருங்கத் தொடங்கிவிடும். முதல் ஒரு வருடத்தில் அகலத்தில் கிட்டத்தட்டப் பாதி குறையக்கூடும். அதிலும் பெரும்பங்கு முதல் 3 மாதத்திலேயே போய்விடுகிறது. எப்போது எடுத்தீர்கள் என்பதை வைத்தே மருத்துவர் பல கணக்குகளைப் போடுகிறார்.

2. சிபிசிடி ஸ்கேன்: படத்தை அல்ல, கோப்பை வாங்குங்கள்

சிபிசிடி என்பது தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே. நீங்கள் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருப்பீர்கள், கருவி தலையைச் சுற்றி வரும். பெரும்பாலும் 10 முதல் 20 நொடியில் முடிந்துவிடும். கதிர்வீச்சு பொதுவாக மருத்துவமனை சிடி ஸ்கேனைவிடக் குறைவு, சிறிய பல் எக்ஸ்ரேயைவிட அதிகம். ஆகவே தேவையில்லாமல் இரண்டாம் முறை எடுக்க நேரக் கூடாது. அந்த இரண்டாம் முறை எனக்கு நேர்ந்தது.

முதலில் போன இடத்தில் ஸ்கேன் எடுத்து, பளபளப்பான ஃபிலிம் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் என் தாடை வரிசை வரிசையாக வெட்டுப்படங்களாக இருந்தது. எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். சில வாரம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனபோது அவர் ஃபிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இதை வைத்துத் திட்டம் போட முடியாது. டைகாம் கோப்பு வேண்டும்” என்றார். கணினியில் திறந்து எந்தக் கோணத்திலும் பார்க்கக்கூடிய ஸ்கேனின் மூலப் பதிவு அது. முதல் இடத்துக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன், நாட்கள் நகர்ந்தன, கோப்பு கடைசிவரை வரவில்லை. மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் கட்டணம்.

ஸ்கேன் மையத்தை விட்டு வெளியே வரும் முன், டைகாம் கோப்புகள் பென் டிரைவிலோ இணைய இணைப்பாகவோ உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். ஒரு கோப்புறைக்குள் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாக அது இருக்கும், அல்லது பெரிய ஒற்றைக் கோப்பாக இருக்கும். ஃபிலிம், பிடிஎஃப், திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஆகிய மூன்றும் திட்டமிட உதவாது.

ஸ்கேனுக்கு எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டில் ‘இம்ப்ளான்ட் கைடு (வழிகாட்டி அச்சு) செய்வதற்காக’ என்று மருத்துவரைக் குறிப்பிடச் சொல்லுங்கள். இது சின்ன வரிதான், ஆனால் இரண்டு விஷயங்களை இதுவே தீர்மானிக்கிறது. ஒன்று, எடுக்கும் பரப்பு. ஒரு பல்லின் இடத்தை மட்டும் எடுத்தால் பின்னால் வாய் ஸ்கேனோடு பொருத்திப் பார்க்கப் போதுமான பற்கள் படத்தில் இருக்காது. தேவையில்லாமல் முழு முகத்தையும் எடுத்தால் கதிர்வீச்சு கூடும். இரண்டாவது, வாயைச் சற்றுத் திறந்து, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் நடுவில் பஞ்சுருளை வைத்து எடுப்பது. கடித்தபடி எடுத்தால் இரண்டு வரிசையும் ஒட்டிப்போய்த் தெரியும்.

தோடு, சங்கிலி, கண்ணாடி, கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கருவி சுற்றும்போது எச்சில் விழுங்கக்கூட வேண்டாம். அசைந்தால் எலும்பின் விளிம்பு இரட்டையாக விழும். வாயில் உலோகக் கேப்கள் நிறைய இருந்தால் படத்தில் வெள்ளைக் கீற்றுகள் பரவும். அதை உங்களால் தடுக்க முடியாது, ஆனால் திட்டமிடுபவரிடம் முன்பே சொல்லிவைக்கலாம்.

3. வாய்க்குள் ஸ்கேன், அதற்குப் பின் எதையும் தொடாதீர்கள்

வாயில் மாவு வைத்து அச்செடுத்துக் குமட்டியவர்களுக்கு இந்தக் கட்டம் பெரிய நிம்மதி. தடித்த பிரஷ் அளவுள்ள கேமராவைப் பற்களின் மேல் மெதுவாக நகர்த்துவார்கள். சில நிமிடங்களில் உங்கள் பல்வரிசை ஈறின் நிறத்தோடு திரையில் வளர்ந்து முழுமையாகும். மேல் வரிசை, கீழ் வரிசை, கடித்த நிலை என்று மூன்று பதிவுகள். இதன் கோப்பு எஸ்டிஎல் அல்லது பிஎல்ஒய் வடிவில் இருக்கும்; இதையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

சிபிசிடி எலும்பைக் காட்டும், ஆனால் பல்லின் மேற்பரப்பையும் ஈறையும் துல்லியமாகக் காட்டாது. வாய் ஸ்கேன் மேற்பரப்பைக் காட்டும், எலும்பைக் காட்டாது. இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித்தான் திட்டம் போடுகிறார்கள். எனவே இரண்டும் நெருங்கிய நாட்களில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அறுவை நாள்வரை எந்தப் பல்லிலும் புதிய அடைப்பு, கேப், தேய்ப்பு எதுவும் செய்துகொள்ளாதீர்கள். நான் செய்துகொண்டேன். பக்கத்துப் பல்லில் சொத்தை கூசியது, வேறோர் இடத்தில் சாதாரண அடைப்பு ஒன்று வைத்துக்கொண்டேன். அறுவை நாளன்று மரப்பு ஊசி போட்ட பிறகு வழிகாட்டி அச்சை வைத்தபோது அது உட்காரவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. பழைய பல்லின் வடிவத்துக்குச் செய்த அச்சு புதிய அடைப்பின்மேல் தட்டியது. மருத்துவர் அந்த நிலையிலேயே துளையிடாமல் நிறுத்தினார்; அதற்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். மறுபடி ஸ்கேன், மறுபடி அச்சு, ஒரு மாதம் தள்ளிப்போனது. சொத்தை இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே அடைத்துவிடுங்கள்.

ஒரு வரிசையில் பற்களே இல்லாதவர்களுக்கு வழி வேறு. பல்செட்டில் சிறு அடையாளப் புள்ளிகள் ஒட்டி, அதை அணிந்தபடி ஒருமுறையும், பல்செட்டை மட்டும் தனியாக ஒருமுறையும் ஸ்கேன் எடுப்பார்கள். அதற்குப் பல்செட் ஆடாமல் பொருந்தியிருக்க வேண்டும். தளர்ந்த பல்செட்டோடு போனால் அதைச் சரிசெய்வதே முதல் வேலை.

4. திட்டத்தைத் திரையில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

இந்த முழு முறையில் உங்களுக்கு மிகப் பெரிய பலன் தருவது இந்தக் கட்டம். கத்தி படும் முன்பே அறுவையின் முடிவைப் பார்க்கிறீர்கள். ‘திட்டத்தை எனக்குத் திரையில் காட்டுங்கள், 20 நிமிடம் வேண்டும்’ என்று கேளுங்கள். தயங்காமல் காட்டும் மருத்துவரிடம் தைரியமாக உட்காரலாம்.

பார்க்க வேண்டியவை இவை. முதலில், பல் எங்கே வரவேண்டும் என்று முடிவுசெய்து அதற்குக் கீழே திருகு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எலும்பு இருக்கும் இடத்தில் திருகை வைத்துவிட்டுப் பிறகு பல்லை வளைத்துப் பொருத்தினால், சுத்தம் செய்ய முடியாத இடுக்குகள் உருவாகும்.

கீழ்த்தாடை என்றால் நரம்புக் குழாயை வண்ணம் தீட்டிக் காட்டுவார்கள். திருகின் முனைக்கும் அதற்கும் இடையே குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது வழக்கமான பாதுகாப்பு அளவு. இந்த நரம்பு அடிபட்டால் கீழுதடும் தாடையும் மரத்துப்போகக்கூடும், சிலருக்கு நிரந்தரமாகவே. ஏன் 2? வழிகாட்டி அச்சு வைத்துத் துளையிட்டாலும் திட்டத்துக்கும் உண்மைக்கும் முனையில் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகல் வருகிறது. கோணத்தில் 3 அல்லது 4 பாகை. திரையில் 0.5 மில்லிமீட்டர் இடைவெளி காட்டிவிட்டு ‘கணினி பார்த்துக்கொள்ளும்’ என்றால் ஏற்காதீர்கள். மேல்தாடையின் பின்பகுதி என்றால் நரம்புக்குப் பதில், மேலே இருக்கும் காற்றறையான சைனஸ். அதன் தளத்துக்குக் கீழே எவ்வளவு எலும்பு இருக்கிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பக்கத்துப் பல்லின் வேரிலிருந்து சுமார் 1.5 மில்லிமீட்டர், இரண்டு இம்ப்ளான்டுகளுக்கு நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் விடுவது பொதுவான கணக்கு.

அடுத்து, பெரும்பாலோர் கேட்காத ஒரு கேள்வி: இரண்டு ஸ்கேன்களும் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா? எனக்கு இதைக் காட்டிய மருத்துவர் சாம்பல் நிற வெட்டுப்படத்தின்மேல் மெல்லிய வண்ணக்கோடு ஒன்றை ஓடவிட்டார். வாய் ஸ்கேனின் விளிம்பு அது. பல்லின் மேடு பள்ளங்களை அந்தக் கோடு அப்படியே தொட்டுக்கொண்டு போனது. பிறகு வேறு இரண்டு பற்களிலும் அதையே காட்டினார். கோடு பல்லை விட்டு விலகி ஓடினால் பொருத்தம் தவறு. அதன்மேல் போட்ட திட்டம் முழுதும் அதே அளவு தவறு.

‘எலும்பின் அடர்த்தி இத்தனை’ என்று சிபிசிடியிலிருந்து ஓர் எண்ணைச் சொன்னால் அதை மிகையாக நம்ப வேண்டாம். மருத்துவமனை சிடியைப்போல அந்த எண் நிலையானது அல்ல. கருவிக்குக் கருவி மாறும்.

5. வழிகாட்டி அச்சு

பெரும்பாலும் இது ரெசினில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்த, பற்களின்மேல் தொப்பிபோல் உட்காரும் சிறு தட்டு. திருகு போகும் இடத்தில் ஒரு துளை இருக்கும். துளைக்கருவி அதற்குள்தான் போக முடியும் என்பதால் கோணமும் ஆழமும் கட்டுக்குள் இருக்கும். மேலே சிறு சன்னல்கள் வெட்டியிருப்பார்கள். அவற்றின் வழியே பார்த்தால் பல்லும் தட்டும் இடைவெளியின்றித் தொட வேண்டும்.

அறுவை நாளுக்கு முன்பே ஒருமுறை வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு இது நடந்திருந்தால் மரப்பு ஊசியோடு வீடு திரும்பியிருக்க மாட்டேன்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதையும் இப்போதே சோதியுங்கள். அச்சோடு பயன்படுத்தும் துளைக்கருவிகள் வழக்கமானவற்றைவிட நீளம். வாய் குறைவாகத் திறப்பவர்களுக்குக் கடைசிக் கடைவாய்ப் பல்லின் இடத்தில் கருவி நுழையவே நுழையாது. மூன்று விரல்களை நெடுக்காக வைக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லோருக்கும் இந்த அச்சு கட்டாயமா? என் கருத்தில், இல்லை. தாராளமான எலும்பு, நரம்பு தொலைவில், ஒரே ஒரு பல் என்றால் அனுபவமுள்ள கை அச்சில்லாமலும் நன்றாகச் செய்யும். நரம்போ சைனஸோ அருகில் இருந்தாலும், முன்பல் என்றாலும், பல இம்ப்ளான்டுகள் ஒரே நாளில் என்றாலும் அச்சுக்குச் செலவிடுவது நியாயம்.

6. அறுவை நாள்

ஒரு இம்ப்ளான்ட் என்றால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுநடுவே கருவியை வெளியே எடுத்து நீர் பாய்ச்சுவார்கள். தாமதமாகிறதே என்று பதற வேண்டாம். எலும்பு 47 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே பாதிக்கப்படுகிறது, அச்சு மூடியிருக்கும்போது நீர் எளிதில் உள்ளே போகாது. அந்த இடைவெளிகள் உங்கள் எலும்புக்கு நல்லது.

திருகு எவ்வளவு இறுக்கத்தில் நின்றது என்ற எண்ணைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அன்றே தற்காலிகப் பல் வைக்கலாமா என்பது பெரும்பாலும் இந்த எண்ணைப் பொறுத்தது. ‘ஒரே நாளில் பல்’ என்பது முன்கூட்டி உறுதி தரக்கூடிய விஷயம் அல்ல. அன்று வைப்பதும் தற்காலிகப் பல்தான்.

7. காத்திருப்பு

கீழ்த்தாடைக்கு 2 முதல் 3 மாதம், மேல்தாடைக்கு 3 முதல் 6 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு போதாத இடத்தை நிரப்ப எலும்புத் தூள் வைத்திருந்தால் இன்னும் கூடும். வலி இல்லை என்பதற்காக அந்தப் பக்கம் கடிக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

8. பல் செய்யும் கட்டம்

திருகின் தலையில் ‘ஸ்கேன் பாடி’ என்ற சிறு தூணைப் பொருத்தி மறுபடியும் வாய் ஸ்கேன் எடுப்பார்கள். அந்தத் தூணின் வடிவம் மென்பொருளுக்குத் தெரிந்திருப்பதால், ஈறுக்குள் மறைந்திருக்கும் திருகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணினி கண்டுகொள்ளும். தூண் முழுமையாக உட்காராவிட்டால் செய்துவரும் பல்லும் உட்காராது. ஒரு சிறிய எக்ஸ்ரே எடுத்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். முழு வரிசைக்கும் பல் செய்பவர்களுக்குச் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிடும் என்பதால், சில மருத்துவர்கள் மாவு அச்சையே எடுப்பார்கள். அது பின்தங்கிய முறை என்று நினைக்க வேண்டாம்.

பெரும்பாலும் சிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகையில் கடைந்த பல் சில நாட்களிலோ ஓரிரு வாரத்திலோ வந்துவிடும். கழற்றக்கூடிய திருகுப் பல்லா, சிமெண்ட் வைத்து ஒட்டும் பல்லா என்று கேளுங்கள். இயலுமிடத்தில் திருகு வகையையே நான் விரும்புவேன். பழுது பார்க்க எளிது, ஈறுக்கடியில் சிமெண்ட் தங்கிப் புண்ணாக்கும் ஆபத்தும் இல்லை.

9. மதிப்பீட்டுத் தாளில் இருக்க வேண்டிய வரிகள்

ஒற்றைத் தொகையாக எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். தனித்தனி வரிகளாகக் கேளுங்கள்: சிபிசிடி, வாய் ஸ்கேன், திட்டமிடல், வழிகாட்டி அச்சு, இம்ப்ளான்ட், அபட்மென்ட், தற்காலிகப் பல், நிரந்தரப் பல், எலும்புத் தூள் தேவைப்பட்டால் அதற்கு, பிந்தைய பரிசோதனைகள். எனக்கு விடுபட்டது அபட்மென்ட். திருகையும் பல்லையும் இணைக்கும் அந்தத் துண்டு, இம்ப்ளான்ட் விலையில் அடங்கும் என்று நானும், அடங்காது என்று அவர்களும் நினைத்திருந்தோம். ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது. பேசி முடித்து, பணம் கட்டி, அது வந்துசேர ஒரு மாதம். அச்சு பொருந்தாமல் மறுபடி செய்ய நேர்ந்தாலோ, எலும்பு திருகைப் பற்றாமல் போனாலோ செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

10. முடிந்தபின் கையில் இருக்க வேண்டியவை

டைகாம் கோப்புகள், வாய் ஸ்கேன் கோப்புகள், திட்டத்தின் அறிக்கை, அறுவைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே. இவற்றோடு, இம்ப்ளான்ட் வந்த பாக்கெட்டில் உரித்து எடுக்கும் ஒட்டுச்சீட்டு ஒன்று இருக்கும்: தயாரிப்பாளர், விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அதில் ஒன்றை உங்கள் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து வேறோர் ஊரில், பல்லைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளர்ந்தால், எந்தத் திருப்புளி அதற்குள் பொருந்தும் என்பதை அந்த ஒட்டுச்சீட்டை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.